அந்தத் தவளைப் படத்தை நான் ஏன் எடுத்துவிட்டேன்



போன மாதம் நான் இந்தப் பக்கத்தில் போட்டிருந்த பச்சைத் தவளைப் படம் எங்கே என்று நாலைந்து பேர் இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள். முகநூல்காரர்கள் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். முப்பத்து மூன்று வருடம் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தியவனுக்கு உங்கள் கோபம் புதிதல்ல.

அந்தப் படத்துக்கு 412 லைக் வந்தது. என் பேத்தியின் பிறந்தநாள் படத்துக்குக்கூட அவ்வளவு வந்ததில்லை. 63 கமெண்ட். அப்போது மனசு குளிர்ந்துதான் போனது, பொய் சொல்ல மாட்டேன். மகள் வாங்கிக் கொடுத்த செல்போனில், அறுநூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய கிளிப் லென்ஸை மாட்டி எடுத்த படம். பச்சை உடம்பு, விரல்களுக்கு நடுவே செம்பருத்திப் பூ நிறத்தில் சவ்வு, கண்ணை மூடிக்கொண்டு இலைமேல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. "மழையில் ஒரு தவம்" என்று தலைப்பு வேறு கொடுத்திருந்தேன். தவமாம்! அந்தச் சொல்லை நினைத்தால் இப்போது எனக்கே கூசுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு தம்பி கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். நல்ல பிள்ளை. வருடா வருடம் ஆசிரியர் தினத்துக்கு மறக்காமல் போன் செய்கிறவன். சனி ஞாயிறுகளில் வால்பாறைப் பக்கம் 'மேக்ரோ முகாம்' நடத்துகிறான். மேக்ரோ என்றால் சின்னஞ்சிறு உயிர்களைப் பக்கத்தில் போய்ப் பெரிதாகப் படம் எடுப்பது. தவளை, சிலந்தி, பச்சைப் பாம்பு, பச்சோந்தி, வண்டு, தட்டான். "சார், நீங்க வாங்க சார், ஒரு பைசா குடுக்க வேண்டாம். நீங்க போர்டுல தவளை வரைஞ்சதுதான் சார் எனக்கு ஆரம்பம்" என்றான். அதைக் கேட்டபின் எந்த வாத்தியாரால் வீட்டில் உட்கார முடியும்? ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. இடுப்பு வலியோடு ஏறிப்போனேன். நல்ல ஆடி மழை.

ஓர் எஸ்டேட்டை ஒட்டிய தங்கும் விடுதி. பதினோரு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் என் ஓய்வுக்காலப் பணத்தில் பாதி தொங்கியது. ராத்திரி ஏழு மணிக்குத் தலையில் டார்ச்சு கட்டிக்கொண்டு கிளம்புவோம், காட்டோரமாக நடந்து போய்த் தேடுவோம் என்று நினைத்துத்தான் ரப்பர் செருப்புக்குப் பதில் ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நடக்கவே வேண்டியிருக்கவில்லை. வழிகாட்டிப் பையன் சாயந்தரமே போய்ப் பிடித்து வைத்திருந்தான். சாப்பாட்டுக் கடையில் சாம்பார் கட்டிக் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பா. மூடியில் நாலு ஓட்டை. ஒரு டப்பாவில் கட்டைவிரல் நகம் அளவே உள்ள புதர்த்தவளை. இன்னொன்றில் இந்தப் பச்சைத் தவளை.

விடுதியின் பின்பக்கத்தில் ஒரு மேசை. அதன்மேல் பாசி படிந்த கட்டை, ஒரு பெரிய இலை, பின்னால் கறுப்புத் துணி. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை பெண்ணை நிற்க வைத்து எடுப்பார்களே, அதே ஏற்பாடு. தவளையை எடுத்து இலையில் வைப்பார்கள். அது குதிக்கும். பிடித்து மறுபடி வைப்பார்கள். மறுபடி குதிக்கும். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு அது குதிக்காது. கைகால்களை உடம்போடு ஒட்டி, கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு, இலையோடு இலையாகத் தட்டையாகிவிடும். "இப்ப செட் ஆயிருச்சு சார், வாங்க" என்பான் பையன். அந்த 'செட் ஆன' நேரத்தில் எடுத்ததுதான் என்னுடைய 'தவம்'. பயத்தில் ஒடுங்கிப்போன ஓர் உயிரைப் பார்த்து நான் ஆன்மிகம் எழுதியிருக்கிறேன். மேலே ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்தார்கள், மழைத்துளி மாதிரித் தெரிய வேண்டுமாம். பதினோரு பேரும் வரிசையில் வந்து எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டாவது ஆள் நான்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஒருவேளை நான் வீட்டுக்கு வந்து மறந்திருப்பேன்.

மறுநாள் காலையில் விடுதி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதில் வெட்டிய கிளை ஒன்றைச் செருகி வைத்திருந்தார்கள். கிளையின் நுனியில் இலைகளைச் சேர்த்து ஒட்டியதுபோல வெள்ளை நுரை உருண்டை. சோப்பு நுரை இறுகினால் எப்படி இருக்கும், அப்படி. நான் முதலில் ஏதோ பூச்சிக் கூடு என்று நினைத்தேன். பறக்கும் தவளையின் கூடு அது. பெண் தவளை, தான் விடும் கசிவைப் பின்னங்கால்களால் கடைந்து கடைந்து நுரையாக்கி அதற்குள் முட்டையிடும். தயிர் கடைகிற மாதிரிதான். கூட்டை எங்கே கட்டும் தெரியுமா? தண்ணீருக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில். நுரைக்குள் முட்டை பொரிந்து தலைப்பிரட்டை ஆனதும், மழையில் நுரை கரைந்து குஞ்சுகள் நேரே கீழே குட்டையில் சொட்டும். குட்டை இருக்கிற இடம் பார்த்து, மழை வருகிற காலம் பார்த்து அது போடும் கணக்கு அது.

எட்டாத உயரத்தில் இருந்ததாம். ஃபோகஸ் கிடைக்கவில்லையாம். அதனால் கிளையை வெட்டிக் கொண்டுவந்து வராந்தாவில் வைத்துவிட்டார்கள்.

விடுதியில் தோட்ட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், மலைக்காரர், கூட்டிக்கொண்டே வந்தவர் வாளியைப் பார்த்து நின்றார். மற்றவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் நரைத்த தலையைப் பார்த்து என்ன தோன்றியதோ, என்னிடம் மட்டும் சொன்னார்: "வாத்தியாரே, இது தண்ணியில விழோணும். இங்க சிமெண்ட்ல விழுந்தா எங்க போகும்?"

பத்து மணி வாக்கில் நுரை ஒரு பக்கமாக இளகி விட்டது. சிமெண்ட் தரையில் விழுந்ததை எண்ணவில்லை. எறும்பு வந்தது. ஒருவர் அதையும் படம் எடுத்தார்.

முப்பத்து மூன்று வருடம் நான் கரும்பலகையில் வரைந்த படம் இதுதான் ஐயா. முட்டை, அம்புக்குறி, தலைப்பிரட்டை, அம்புக்குறி, பின்னங்கால் முளைத்தது, அம்புக்குறி, தவளை. இடைநிலை ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு வண்ணச் சுண்ணக்கட்டியில் அதை வரையத் தனியாக மதிப்பெண் உண்டு. ஒவ்வொரு வருடமும் வட்டமாக வரைந்து, "இந்த வட்டத்தில் எந்த இடத்தில் அறுந்தாலும் அவ்வளவுதான்" என்று சொல்லிக் கொடுத்தவன், வட்டம் அறுந்து தரையில் கிடக்கிறபோது கையில் செல்போனோடு நின்றிருந்தேன். அந்தத் தம்பியும் நின்றிருந்தான். அவன் அந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவன்.

திரும்பி வரும் வழியில் ஜீப்பில் அவனிடம் கேட்டேன். அவன் சொன்ன பதில்களைத்தான் இங்கே எடுத்துப் பேசப் போகிறேன், ஏனென்றால் அவை அவன் ஒருவனுடைய பதில் அல்ல. வனவிலங்குப் படம் எடுக்கிற பல பேர் இதையேதான் சொல்கிறார்கள்.

முதல் பதில்: "திரும்ப விட்டுர்றோம் சார், ஒண்ணும் ஆகாது."

எங்கே விட்டார்கள்? விடுதியின் பின்னால், ஜீப் கழுவுகிற இடத்துப் புல்லில். பிடித்த இடம் அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். நம்மை ராத்திரியில் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் உளுந்தூர்பேட்டை பைபாஸில் இறக்கிவிட்டு "விட்டாச்சு" என்பது போல. அதுகூடப் பரவாயில்லை, நமக்குப் பேருந்து உண்டு. நகம் அளவு தவளைக்கு அது எத்தனை தூரம் என்று யோசியுங்கள். பிறகு, அது தோலால் மூச்சு விடுகிற பிராணி. தண்ணீரையும் தோலால்தான் குடிக்கிறது. கையில் என்ன இருக்கிறதோ அத்தனையும் அதன் உடம்புக்குள் போகும். அன்று பதினோரு பேரும் கொசுவுக்கும் அட்டைக்கும் பயந்து கை முழுக்க மருந்து பூசியிருந்தார்கள். அந்தக் கையாலேயே எடுத்து எடுத்து வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. தவளைகளைக் கொல்லும் ஒரு தோல் பூஞ்சை உலகமெங்கும் பரவியிருக்கிறது. 2019இல் சயன்ஸ் இதழில் வந்த கணக்குப்படி, குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் அந்த நோயால் குறைந்திருக்கின்றன. அவற்றில் 90 இனங்கள் அடியோடு போய்விட்டதாகக் கருதப்படுகிறது. அந்தப் பூஞ்சை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. ஒரு காட்டுச் சேறு ஒட்டிய ஷூவோடு அடுத்த காட்டுக்குப் போகிறோம். ஒரு தவளையைத் தொட்ட கையால் அடுத்த தவளையைத் தொடுகிறோம். கொரோனா காலத்தில் மளிகைப் பையைக்கூட மஞ்சள் தண்ணீரில் கழுவிய ஜனங்கள்தானே நாம்?

இரண்டாவது பதில்: "ஃபிளாஷ் அடிச்சா கெடுதல்னு சொல்றதெல்லாம் நிரூபணம் ஆகல சார்."

இதில் அவன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தென்கிழக்கு ஆசியக் கடல்களில் மணலடியில் வாழும் கடற்குதிரை போன்ற விநோதமான சின்ன மீன்களைப் படமெடுக்கவே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் மூழ்கப் போகிறார்கள். அந்த மீன்களை வைத்து ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. ஃபிளாஷ் வெளிச்சத்தால் அவற்றின் கண்ணுக்கோ நடத்தைக்கோ பெரிதாகக் கேடு தெரியவில்லை என்றார்கள். ஆனால் அதே கட்டுரை இன்னொன்றும் சொன்னது. மீனை நல்ல கோணத்துக்காகத் தொடுவதும் நகர்த்துவதும்தான் அதை உண்மையில் உலுக்குகிறது. ஆக வெளிச்சத்தைப் பற்றி வாதாடி நேரத்தைப் போக்காதே தம்பி, கையை எடு என்கிறது அந்த ஆராய்ச்சி. அவன் முதல் பாதியை மட்டும் படித்திருக்கிறான். வினாத்தாளிலும் அப்படித்தான் செய்வான், இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமல் வந்துவிடுவான்.

மூன்றாவது பதில்தான் பெரியது. "போட்டோ பாத்தாதானே சார் ஜனங்களுக்கு அதுமேல பாசம் வரும்? அவேர்னெஸ் சார்."

நானும் ஒருகாலத்தில் இதை நம்பியவன். அதனால் வீட்டுக்கு வந்து என் படத்துக்கு வந்த 63 கமெண்டையும் நோட்டுப்புத்தகத்தில் எழுதிப் பிரித்துப் பார்த்தேன். பழைய பழக்கம், திருத்தாமல் விட முடியாது. செம, சூப்பர், வாவ், கைதட்டும் பொம்மை, இவை 31. எந்த இடம் என்று கேட்டவர்கள் 19. என்ன லென்ஸ் என்று கேட்டவர்கள் 11. ஒருவர் ஓய்வூதிய நிலுவை பற்றிக் கேட்டிருந்தார். மீதி ஒரே ஒருவர், என் பழைய மாணவி, இப்போது சத்துணவில் வேலை பார்க்கிறவள், "சார் இது என்ன சாப்பிடும்?" என்று கேட்டிருந்தாள். விழிப்புணர்வு என்று யாராவது சொன்னால் அந்த ஒரு கமெண்டைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். 19 பேர் இடம் கேட்டது விழிப்புணர்வு அல்ல, அடுத்த ஜீப்புக்கு முன்பதிவு.

இடம் சொல்வது எவ்வளவு பெரிய வேலை என்பது விஞ்ஞானிகளுக்கே பயமாகிப் போய்விட்டது. புதிதாகக் கண்டுபிடித்த பிராணியின் இருப்பிடத்தைக் கட்டுரையில் துல்லியமாக எழுதினால், அதைப் பிடித்து விற்கிறவன் அதைப் படித்துவிட்டு அங்கே போய் நிற்கிறான். சீனத்தில் 1999இல் பெயர் வைக்கப்பட்ட ஓர் அழகான பல்லி, முதலில் கண்டுபிடித்த இடத்திலேயே இல்லாமல் போயிற்று. 2017இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் சயன்ஸ் இதழிலேயே 'இடத்தை அச்சிடாதீர்கள்' என்று எழுத வேண்டி வந்தது. நம் பக்கத்து உதாரணம் வேண்டுமா? ஆந்திராவின் கூத்தி ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் நீல நிற மரச் சிலந்தி. நிறம் அப்படி ஒரு நீலம், மயில் கழுத்தே தோற்கும். அழியும் விளிம்பில் நிற்கிற அந்தச் சிலந்தியை வெளிநாட்டில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்கள், விற்கிறார்கள். நிறம் இருப்பதுதான் அதற்கு வினை.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது கேரளத்துச் செய்தி. கேலக்ஸி தவளை என்கிறார்களே, கறுத்த உடம்பில் நட்சத்திரம் தெளித்த மாதிரிப் புள்ளி வைத்தது, விரல்நுனி அளவு. 1878இல் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த கர்னல் பெட்டோம் முதலில் எழுதிவைத்த இனம். உலகத்திலேயே நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் உண்டு. மட்கிய கட்டைக்கு அடியில் கிடக்கும். ஓர் ஆய்வாளர் 2020இல் அவற்றில் ஏழைக் கண்டார். கொரோனா அடைப்பெல்லாம் முடிந்து அவர் மறுபடி போய்ப் பார்த்தபோது கட்டைகள் புரட்டப்பட்டு, உடைந்து, செடிகள் மிதிபட்டுக் கிடந்தன. ஏழில் ஒன்றுகூட இல்லை. படமெடுக்க வந்த குழுக்கள் கட்டைகளைப் புரட்டியதையும், தவளைகளைக் கையில் எடுத்து இடம் மாற்றி வைத்ததையும், அதில் இரண்டு செத்துப்போனதையும் அந்தக் காட்டில் வழிகாட்டும் ஆள் அவரிடம் சொன்னாராம். 2025 கடைசியில்தான் இது வெளியே வந்தது. விஷம் வைத்தவன் இல்லை, கடத்தல்காரன் இல்லை. 'இயற்கை ஆர்வலர்' என்று தன் பக்கத்தில் எழுதிக்கொள்கிற ஆட்கள்.

நான்காவதாக ஒன்று சொன்னான். அதற்குத்தான் எனக்கு உடனே பதில் வரவில்லை. "சார், இந்த மலையையே மொட்டையடிச்சு தேயிலை போட்டது யாரு? ரோட்டுல ஒரு மழை ராத்திரிக்கு எத்தனை தவளை டயர்ல நசுங்குது? நாங்க பத்து பேர் ஒரு தவளைய தொட்டதுதான் பெரிய குத்தமா?"

உண்மைதான். 1890களில் கார்வர் மார்ஷ் முதலானவர்கள் வந்து வெட்ட ஆரம்பித்த காடு. இருநூற்றுச் சொச்சம் சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் இன்று பெரும்பகுதி தேயிலை, காப்பி. தேயிலைக்கு அடிக்கும் மருந்து ஓடையில்தான் இறங்குகிறது. சாலையில் நசுங்குவது நம் கண்ணுக்கே தெரிகிறது. நான் அரசியல் தெரியாதவன் அல்ல, யார் பெரிய குற்றவாளி என்று எனக்கும் தெரியும். இந்தியா முழுக்கத் தவளையைப் பிடித்துக் காலை வெட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த நாடு இது. 1987இல்தான் தடை வந்தது. என் சிறுவயதில் சாக்குமூட்டையோடு வயலில் இறங்கிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் கணக்கையே திருப்பிப் போட்டுப் பார் தம்பி. காடு முழுசாக இருந்த காலத்தில் பத்துப் பேர் ஒரு கட்டையைப் புரட்டினால் ஒன்றும் இல்லை. இப்போது தேயிலைக்கு நடுவே அங்கங்கே தீவு மாதிரி மிச்சமிருக்கும் துண்டுச் சோலைகள். அந்தத் துண்டில்தான் கடைசித் தவளை இருக்கிறது, அந்தத் துண்டுக்குத்தான் வாரா வாரம் ஜீப் போகிறது. பணக்காரன் வீட்டில் பத்து ரூபாய் எடுப்பதும், ரேஷன் வாங்க வைத்திருக்கும் கடைசிப் பத்து ரூபாயை எடுப்பதும் ஒன்றாகுமா? ஆனைமலைப் பறக்கும் தவளை என்று ஓர் இனம், 2000இல்தான் விஞ்ஞானிகள் அதைத் தனி இனம் என்றே எழுதினார்கள். மூணாறுக்கு அந்தப் பக்கம் ஆனைமுடி உச்சிப் புல்வெளியில் செந்நெருப்பு நிறத்தில் ஒரு புதர்த்தவளை. 2010இல் பெயர் வைத்தார்கள். அந்த மலையுச்சியைச் சுற்றிச் சில கிலோமீட்டர், அதுதான் அதற்கு உலகம். இப்படிப்பட்டவற்றுக்குக் கூட்டத்தில் ஒன்று போனால் போகட்டும் என்ற வசதி இல்லை.

நம் திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் செய்த ஓர் ஆராய்ச்சியையும் சொல்லிவிடுகிறேன், இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஈற்றைக் கழிக்குள் குடியிருக்கும் ஒரு பச்சைப் புதர்த்தவளை. நூற்று முப்பது வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2011இல் மறுபடி கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். கழியில் இருக்கும் சின்னத் துவாரம் வழியாக உள்ளே போய் முட்டையிடும். தலைப்பிரட்டைக் கட்டமே கிடையாது, முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகி வெளியே வரும். என் கரும்பலகை வட்டத்தையே தப்பாக்கிய பிராணி! முட்டைக்குக் காவல் அப்பா தவளை. ஆராய்ச்சிக்காக அந்த அப்பாவை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். பக்கத்து ஆண் தவளைகள் வந்து முட்டையைத் தின்றன. ஆக, ஒரு சின்னத் தவளையைக் கழியிலிருந்து விரட்டி வெளியே கொண்டுவந்து மேசையில் வைத்து முக்கால் மணி நேரம் எடுத்தால், உள்ளே என்ன நடந்தது என்று படத்தில் தெரியாது. விரட்டியவனுக்கும் தெரியாது.

இங்கே என் தரப்புக் குற்றத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் அல்ல. அறிவியல் கண்காட்சிக்குப் பட்டாம்பூச்சி பிடித்துக் குண்டூசியில் குத்தி அட்டையில் ஒட்டிக்கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளை அனுப்பியவன் நான். ஜாம் பாட்டிலில் தலைப்பிரட்டை கொண்டுவரச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வகுப்பறையைப் பூட்டிவிட்டுப் போய், திங்கட்கிழமை நாற்றத்தோடு எடுத்துக் கொட்டியவன் நான். அந்தத் தம்பியின் கை முதன்முதலில் தவளையைப் பிடித்தது என் வகுப்புக்காகத்தான். அவன் டப்பாவுக்கும் என் ஜாம் பாட்டிலுக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. இதை எழுதுவதற்கு ஒரு மாதம் எடுத்ததற்குக் காரணமும் இதுதான்.

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இருக்கிறார், படமெடுக்கும் பைத்தியம். பட்டாம்பூச்சியைப் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் அசையாமல் 'போஸ்' கொடுக்கும் என்று குரல்பதிவு போட்டிருந்தார். அது போஸ் இல்லை ஐயா, குளிரில் விறைத்துப்போய் நகர முடியாமல் கிடக்கிறது. அதே குழுவில் தினமும் காலை வணக்கத்தோடு வரும் படங்கள் இருக்கின்றனவே, இலையைக் குடையாகப் பிடித்த தவளை, நத்தைமேல் சவாரி செய்யும் தவளை. அந்த மாதிரிப் படங்களில் பல, இந்தோனேசியாவில் வீட்டுத் தவளைகளை வைத்து ஜோடித்து எடுத்தவை என்று தவளை அறிந்தவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். காட்டில் எந்தத் தவளையும் குடை பிடிப்பதில்லை. அதற்கு மழை வேண்டும் என்றுதானே அது கத்துகிறது!

வழிகாட்டிப் பையனைத் திட்டாதீர்கள். அவன் அப்பா தோட்டத் தொழிலாளி. தவளை காட்டினால் ஐந்நூறு, பாம்பு காட்டினால் ஆயிரம் என்று பணம் கொடுக்கிறவர்கள் நாம். "ரெண்டு ராத்திரி வந்திருக்கோம், ஒண்ணும் கிடைக்கலையே" என்று முகத்தைச் சுளிக்கிறவர்களும் நாம். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் சாயந்தரமே டப்பா வருகிறது. கிடைக்காவிட்டாலும் அதே காசு என்று சொல்லிப் பாருங்கள், அவன் டப்பாவைத் தொட மாட்டான். அவனுக்கு எந்த ஓடையில் எந்த மாதம் எது கத்தும் என்று காதாலேயே தெரியும். அந்த அறிவுக்குக் கூலி கொடுங்கள், பிடிப்பதற்குக் கொடுக்காதீர்கள்.

படம் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பச்சைக் கிளையில் இருப்பதை அது இருக்கும் இடத்திலேயே, எட்ட நின்று, இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டு நகருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முதுகைத்தான் எடுக்க முடியும், எடுங்கள். ஒரு கட்டையையும் புரட்டாதீர்கள், ஒரு கிளையையும் வளைக்காதீர்கள். ஊர்ப்பெயர் எழுதாதீர்கள், மாவட்டம் போதும். மேசைமேல் வைத்து எடுத்த படம் எது, காட்டில் எடுத்த படம் எது என்று பார்க்கப் பழகினால் கண்டுபிடித்துவிடலாம். சுத்தமான கறுப்புப் பின்னணி, துல்லியமான தண்ணீர்த்துளி, ஒடுங்கிய கைகால். அப்படிப்பட்ட படத்துக்கு லைக் போடாதீர்கள், "எங்கே, எப்படி எடுத்தீர்கள்?" என்று ஒரு வரி கேளுங்கள். 412 பேரில் ஒருவர் என்னை அப்படிக் கேட்டிருந்தால் நான் அன்றே எடுத்திருப்பேன்.

தம்பிக்கு இந்தப் பதிவை முன்கூட்டியே அனுப்பினேன். முதலில் கோபப்பட்டான். "என் பொழப்ப கெடுக்கறீங்க சார்" என்றான். பிறகு இரண்டு நாள் போன் இல்லை. நேற்று ராத்திரி கூப்பிட்டான். அடுத்த சனிக்கிழமை முகாமுக்குப் பதினான்கு பேர் முழுப்பணமும் கட்டிவிட்டார்களாம். டப்பா இல்லாமல், மேசை இல்லாமல், கிளை வெட்டாமல் நடத்திப் பார்க்கிறேன், ஆனால் ஒன்றும் கிடைக்காவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள், நீங்கள் வந்து அவர்களிடம் பேச முடியுமா என்று கேட்டான். இடுப்பு வலியைப் பார்த்தால் நாற்பது வளைவு ஆகாது. இருந்தாலும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டீச்சர் திட்டிக்கொண்டே ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள்.

என் பழைய படத்தைச் சேமித்து வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். பகிர்ந்தவர்கள் எடுத்துவிடுங்கள். எந்த எஸ்டேட், எந்த ஓடை என்று கமெண்டில் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம். அது என்ன சாப்பிடும் என்று கேட்ட பிள்ளைக்கு மட்டும் பதில் பாக்கி இருக்கிறது: பூச்சி சாப்பிடும் அம்மா. ராத்திரியில் இலைமேல் உட்கார்ந்து வண்டு, வெட்டுக்கிளி, ஈசல் என்று கிடைத்ததைப் பிடித்துத் தின்னும்.